கீமோ வார்டில் போட்டுவிட்டார்கள்: பணியில் இருந்துகொண்டே எங்கே, என்ன படிப்பது?

தேரிக்காட்டுச் செவிலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென் மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பல வருடங்கள் மகப்பேறு வார்டு, பிறகு அறுவை சிகிச்சை வார்டு. இப்போது புற்றுநோயாளிகளுக்குப் பகல்நேரக் கீமோதெரபி மையம் தொடங்கி என்னையும் இன்னொரு சிஸ்டரையும் அங்கே போட்டிருக்கிறார்கள். எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் மூன்று ஆண்டுகளுக்குள் இப்படிப்பட்ட மையங்கள் வரும், முதல் ஆண்டிலேயே 200 வரும் என்று ஒன்றிய அரசின் 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ஆகவே என் நிலையில் இன்னும் நிறையப் பேர் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

முதல் கீமோவை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போட்டுவிட்டு, அடுத்தடுத்தவற்றுக்கு நோயாளியை எங்களிடம் அனுப்புகிறார்கள். கையில் ஒரு தாள் வரும். மருந்தின் பெயர், அளவு, எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்பது இருக்கும். வென்ஃப்ளான் (டிரிப் ஏற்றக் கையில் குத்தி வைக்கும் சிறு குழாய்) போடுவதில் எனக்குப் பயமில்லை. குழந்தைகளுக்கே போட்டுப் பழகிய கை. ஆனால் டிரிப் ஓடத் தொடங்கிய பிறகு எதைப் பார்க்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் மதியம் ஒரு வகுப்பு நடந்தது. படங்கள் ஓடின, டீ வந்தது, சான்றிதழும் வந்தது.

நர்சிங் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க ஐந்து ஆண்டுகளில் 150 மணி நேரத் தொடர்கல்வி என்கிறார்கள். அதை எப்படியும் சேர்த்துவிடலாம். இந்த வார்டுக்கு உண்மையில் உதவுவது எது? ஓராண்டு டிப்ளமோவா, அமெரிக்க ஆன்லைன் படிப்பா, பெரிய மருத்துவமனை எதிலாவது போய் நிற்பதா? வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளும் மாமியாரும் இருக்கிறார்கள், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள். என்னோடு இருக்கும் சிஸ்டரோ, "டாக்டர் எழுதியதை ஓடவிடுவதுதானே நம் வேலை, இதற்கு எதற்குத் தனிப் படிப்பு?" என்கிறார்.

---

பழைய வார்டு எழுதியது:

சிஸ்டர், நான் புற்றுநோய் மருத்துவமனையில் தலைமைச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் சகா கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

அவரிடம் ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தைக் கொடுத்துப் பாருங்கள். நம் ஸ்டாண்டில் எப்போதும் தொங்குவது நார்மல் சலைன். அதில் கலந்தால் மருந்து கெட்டது. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும். தாளில் அளவு இருக்கும். எதில் கலப்பது என்பது பல நேரம் இருக்காது, எழுதியவருக்கு அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சரி, ஒழுங்காகக் கலந்து ஓட்டியும் முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் அலைந்து வந்த கணவர் வாசல் கடையில் ஐஸ் போட்ட நன்னாரி சர்பத் வாங்கி வந்து பாசத்தோடு நீட்டுகிறார். ஒரு வாய் குடித்ததும் அந்த அம்மாவுக்குத் தொண்டை இறுகுகிறது. மூச்சே நின்றுவிட்டது போலக் கண்ணை உருட்டுகிறார். உங்கள் சகா என்ன செய்வார்? ஒவ்வாமை என்று அவசர டிரேயை இழுத்துக்கொண்டு ஓடுவார்.

அந்த மருந்துக்குக் குளிர்ச்சி ஆகாது. குளிர்ந்தது தொண்டையில் பட்டாலும் விரலில் பட்டாலும் நரம்பு அப்படித்தான் சிலிர்த்துக்கொள்ளும். தெரிந்தவர் ஆக்சிஜன் அளவைப் பார்ப்பார், ஸ்டெதஸ்கோப்பை வைத்து இழுப்புச் சத்தம் இருக்கிறதா என்று கேட்பார், உடம்பில் தடிப்பு இருக்கிறதா என்று தேடுவார். எதுவும் இல்லையென்றால் வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். இன்னும் நன்றாகத் தெரிந்தவர் மருந்து ஏற்றும் முன்பே, சில நாட்களுக்கு ஐஸ் தண்ணீர் வேண்டாம், ஃபிரிட்ஜுக்குள் வெறுங்கையை விட வேண்டாம் என்று கணவரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லியிருப்பார். இதில் ஒரு சிக்கல் உண்டு. இதே மருந்துக்கு உண்மையான ஒவ்வாமையும் வரும். முதல் சில கீமோ ஒழுங்காகப் போன பிறகு, அதாவது உங்கள் கைக்கு வந்த பிறகு வருவதற்கே வாய்ப்பு அதிகம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஓடவிடுவது மட்டும்தான் வேலை என்றால் அதற்கு ஒரு பம்ப் போதும்.

நீங்கள் முதலில் கற்க வேண்டியது ஊசி இறங்கும் இடத்தைப் பார்க்க. டாக்சோரூபிசின், நோயாளிகள் சிவப்பு மருந்து என்பார்கள், ரத்த நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலையும் தசையையும் அரித்துவிடும். அன்றைக்குக் கொஞ்சம் சிவப்பாகத்தான் தெரியும். புண் சில நாட்கள் கழித்து, அவர் ஊருக்குப் போன பிறகு திறக்கும். அதனால் முழங்கை மடிப்பிலும் புறங்கையிலும் போடாமல் முன்கையில் நல்ல நரம்பாகப் பாருங்கள். நேற்று ரத்தப் பரிசோதனைக்குக் குத்திய இடத்துக்குக் கீழே போடாதீர்கள். மருந்துக்கு முன்னும் இடையிலும் ரத்தம் திரும்பி வருகிறதா என்று இழுத்துப் பாருங்கள். எரிகிறது என்று நோயாளி சொன்னால் விவாதம் கூடாது, நிறுத்துங்கள். நிறுத்திய உடனே வென்ஃப்ளானைப் பிடுங்கி எறிவதும், சலைன் தள்ளிக் கழுவுவதும் நம் கைப்பழக்கம். இரண்டும் தவறு. முதலில் அந்தக் குழாய் வழியாகவே உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு டாக்சோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம், வின்கிரிஸ்டினுக்கு வெந்நீர் ஒத்தடம். மாற்றிக் கொடுத்தால் கெடுதல். இதைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டி வைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

வின்கிரிஸ்டின் பேச்சு வந்துவிட்டதால் ஒன்று. அதைச் சிரிஞ்சில் வைக்கவே கூடாது, சிறிய டிரிப் பையில்தான் கலந்து வைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனமே சொன்னது. முதுகுத்தண்டில் போடும் மருந்துச் சிரிஞ்சோடு மாறிப்போய்த் தண்டுவடத்தில் ஏறினால் நோயாளி பிழைப்பது அரிது. பையாக இருந்தால் யாரும் முதுகில் ஏற்றப் போவதில்லை. இவ்வளவு எளிய மாற்றம் பல நாடுகளில் பல உயிர்கள் போன பிறகுதான் வந்தது.

இனி எங்கே என்பதற்கு வருகிறேன். என் யோசனை, முதலில் ஓரிரு வாரம் ஒரு பெரிய மையத்தின் பகல்நேர வார்டில் போய் நில்லுங்கள். நீங்கள் அரசுப் பணி என்பதால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையோ, உங்களுக்கு நோயாளியை அனுப்பும் மருத்துவக் கல்லூரியோ எளிது. கண்காணிப்பாளர் வழியாக ஜே.டி. (இணை இயக்குநர்) அலுவலகத்துக்கு எழுதி, பணி நாளாகவே கணக்கிடும் ஓ.டி.யில் (ஆன் டூட்டி) போங்கள். அங்கே மருந்து கலக்கும் அறையில் ஒரு நாள், காலை முதல் மாலை வரை ஒரே நாற்காலியின் பக்கத்தில் ஒரு நாள், வெளிநோயாளி பிரிவில் ஒரு நாளாவது நிற்க வேண்டும். ஒவ்வாமைக்குப் பேர்போன பாக்லிடாக்செல் மருந்தைத் தொடங்கிய முதல் பத்து நிமிடம் அங்கே இருக்கும் சிஸ்டர் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். நோயாளியை விட்டு நகர மாட்டார், ஃபைல் எழுதுவதையும் அங்கேயே வைத்துக்கொள்வார். நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்பது முதல் எல்லாமே அங்கே பாடம்தான்.

அமெரிக்கப் புற்றுநோய்ச் செவிலியர் சங்கத்தின் ஆன்லைன் கீமோ படிப்பு தரமானது, குறை சொல்ல மாட்டேன். கட்டணம் டாலரில், சான்றிதழுக்கு ஆயுள் இரண்டு ஆண்டு. மருந்தாளுநர் கலந்து பையில் அனுப்பும் மருத்துவமனைகளை மனதில் வைத்து எழுதியது. நம் வார்டில் நின்ற பிறகு படித்தால் பத்து மடங்கு புரியும்.

---

மருந்துக்கிடங்கு எழுதியது:

மேலே சிஸ்டர் சொன்னதெல்லாம் நோயாளியைக் காப்பது. உங்களைக் காப்பது பற்றி நான் சொல்கிறேன், மருந்தாளுநர் என்ற முறையில்.

உங்கள் மையத்தில் மருந்தை யார், எங்கே கலக்கிறார்கள்? நர்சிங் ஸ்டேஷன் மேசையில், தலைக்கு மேல் மின்விசிறி சுற்ற, ஒற்றைக் கையுறையோடு என்றால் உடனே நிறுத்த வேண்டிய விஷயம் அதுதான். "லாமினார் ஃப்ளோ (வடிகட்டிய காற்று ஓடும் பெட்டி) இருக்கிறதே" என்பார்கள். எந்த லாமினார் ஃப்ளோ என்று கேளுங்கள். காற்று உள்ளிருந்து உங்கள் முகத்தை நோக்கி வருகிற மாதிரி என்றால் அது மருந்தைக் கிருமியிலிருந்து காக்கும், மருந்தின் துகளை உங்கள் மூக்கில் சேர்க்கும். குளுக்கோஸில் வைட்டமின் கலக்க அது சரி. கீமோவுக்கு, காற்றை உங்கள் பக்கம் விடாத இரண்டாம் வகுப்பு உயிரியல் பாதுகாப்புப் பெட்டி வேண்டும். வாங்கித் தரும் வரை கலவை வேலையைப் பெட்டி உள்ள மருத்துவமனையிலிருந்து செய்து வாங்க முடியுமா என்று பாருங்கள்.

மற்றவை சின்னச் சின்னப் பழக்கங்கள். இரட்டைக் கையுறை. சிரிஞ்சில் உள்ள காற்றை அறைக்குள் பீய்ச்சி விடக் கூடாது. பையில் மருந்து சேர்க்கும் முன்பே டிரிப் செட்டை வெறும் சலைனிலோ டெக்ஸ்ட்ரோஸிலோ நிரப்பி வைத்துக்கொண்டால் நுனியில் மருந்து சொட்டாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் கலவைப் பணிக்கு வரக் கூடாது. மருந்து ஏறிய பிறகு 48 மணி நேரம் வரை நோயாளியின் சிறுநீர், வாந்தி இரண்டிலும் மருந்து இருக்கும். உங்கள் துப்புரவுப் பணியாளரிடம் இதை யாராவது சொன்னார்களா? தொடர்கல்வி என்றால் செவிலியர், மருத்துவர் என்றே நினைக்கிறோம். பக்கெட்டோடு வருகிறவருக்கும் அரை மணி நேர வகுப்பு வேண்டும், அதற்குச் சான்றிதழ் எதுவும் வராது என்றாலும்.

சிவப்பு மருந்து ஏறினால் சிறுநீரும் சிவப்பாகப் போகும் என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரத்தம் என்று பயந்து இரவில் ஓடி வருகிறார்கள்.

---

பாடம் எடுப்பவள் எழுதியது:

பழைய வார்டு அம்மா சொல்வதில் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேரில் நின்றால் எல்லாம் வந்துவிடும் என்ற தொனியை நர்சிங் ஆசிரியையாக என்னால் ஏற்க முடியவில்லை. நின்று கற்கும்போது அந்த வார்டின் நல்ல பழக்கமும் வரும், கெட்ட பழக்கமும் வரும். எது எது என்று பிரிக்க அடிப்படை வேண்டும்.

இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகரித்த புற்றுநோய்ச் செவிலியர் போஸ்ட் பேசிக் டிப்ளமோ ஓராண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்ற இடங்களில் நடக்கிறது. பதிவு பெற்ற செவிலியருக்கு ஓராண்டு வார்டு அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம், உங்களுக்கு அது தாராளமாக இருக்கிறது. புற்றுநோய்க்கென்று மருத்துவர்களுக்கு டி.எம்., எம்.சிஎச். என்ற உயர் சிறப்புப் படிப்புகளை அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1984இலேயே தொடங்கிவிட்டது. செவிலியருக்கு மட்டும் இன்றைக்கும் "போய் நின்று பார்த்துக்கொள்" என்பது எந்த ஊர் நியாயம்?

பயிற்சிக்குப் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்குத் திண்டுக்கல்லைக் காட்டுவேன். அந்த மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்க்கும் பரிசோதனையை நடத்திய ஆய்வு 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பரிசோதனை செய்தவர்கள் அதற்கென்று பயிற்சி பெற்ற செவிலியர்கள். பரிசோதனை நடந்த கிராமங்களில், நடக்காத கிராமங்களைவிடக் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வந்த சாவு 35 சதவீதமும் குறைவாக இருந்தன. பெரிய எந்திரம் எதுவும் இல்லை. ஒழுங்காகக் கற்றுக்கொண்ட கண்.

150 மணி நேரத்தையும் இளக்காரம் செய்யாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்காக நடக்கும் கருத்தரங்குகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. எதில் கையெழுத்துப் போடுவது என்று தேர்ந்தெடுப்பது உங்கள் கையில்தானே இருக்கிறது?

---

வலிநிவாரணி எழுதியது:

நான் வலி மற்றும் தணிப்புச் சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) மருத்துவர். இதுவரை யாரும் தொடாத இரண்டு விஷயங்கள்.

முதலாவது காய்ச்சல். கீமோ முடிந்து ஏழாம் நாளிலிருந்து இரண்டாம் வாரம் முடியும் வரை வெள்ளணுக்கள் தரை தட்டும். அந்த நேரத்தில் 101 டிகிரி காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். ஆனால் நம் ஆள் என்ன செய்கிறார்? தெருமுனை மருந்துக்கடையில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்க்கிறார். ஆகவே உங்கள் மையத்துக்கு ஒரு கைப்பேசி எண் வேண்டும். அழைப்பை எடுப்பவர் என்னென்ன கேட்க வேண்டும் என்பதற்கு இங்கிலாந்துப் புற்றுநோய்ச் செவிலியர் சங்கம் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரே தாளில் அருமையான அட்டவணை வைத்திருக்கிறது. அதைப் படித்து, உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து, தமிழில் உங்கள் ஊருக்கு ஏற்ப எழுதிக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் பெண்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் ஒரு பிரதி போகட்டும். நோயாளியின் வாசலில் முதலில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

இரண்டாவது, நாற்காலியில் இருக்கும் எல்லோரும் குணமாகப் போவதில்லை. வராண்டாவில் மகன் உங்களை வழிமறிப்பார். "அப்பாவிடம் அல்சர் என்று சொல்லியிருக்கிறோம் சிஸ்டர், நீங்கள் எதுவும் உளறிவிடாதீர்கள்" என்பார். உள்ளே போனால் அப்பா, "என் பையனிடம் சொல்லாதீர்கள், இது என்ன வியாதி என்று எனக்குத் தெரியும்" என்பார். இருவருக்கும் நடுவில் பொய்யும் சொல்லாமல், யாரையும் உடைக்காமல் பேசுவது ஒரு திறன். கருணை உள்ளம் இருந்தால் தானாக வந்துவிடும் என்பது கட்டுக்கதை. பயிற்சியில் ஒருவரை நோயாளியாகவும் ஒருவரை மகனாகவும் உட்கார வைத்துப் பேசிப் பழக வைப்பார்கள். முதல் முறை எல்லோருக்கும் சிரிப்பு வரும், அடுத்த முறை நாக்கு உலரும்.

இதற்கு இந்தியத் தணிப்புச் சிகிச்சைச் சங்கம் செவிலியருக்கும் தனியாக அடிப்படைச் சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. பெரும்பகுதியை வீட்டில் இருந்தே படிக்கலாம், நேரடி வகுப்பு கொஞ்சம்தான். உங்கள் வீட்டு நிலைமைக்குப் பொருந்தும். ஆறு வாரம் ஒதுக்க முடிந்தால் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா நடத்தும் தங்கிப் படிக்கும் பயிற்சி இன்னும் நல்லது. கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் பற்றிய பயம் அங்கே தெளியும். 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி வலிநிவாரணத்துக்கு வழியை எளிதாக்கினார்கள், அப்படியும் பல மாவட்டங்களில் அந்த மாத்திரை அலமாரிக்கு வந்து சேரவில்லை. பயிற்சி பெற்ற ஆள் இல்லை என்பது ஒரு முக்கியக் காரணம். சாதாரண மார்ஃபின் மாத்திரையை வலி வரும்போது கொடுப்பதல்ல, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பது. கூடவே மலமிளக்கியும் முதல் நாளிலிருந்தே. இதைக் குடும்பத்துக்குப் புரிய வைப்பது, எங்கள் கிளினிக்கில் பார்த்தவரை, செவிலியர்தான். நாங்கள் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடுகிறோம்.

இன்னொன்று, டாடா நினைவு மருத்துவமனையை மையமாகக் கொண்டு தேசியப் புற்றுநோய் மருத்துவமனைக் கூட்டமைப்பு 2012 முதல் இயங்குகிறது. அதன் சிகிச்சை நெறிமுறைகள் இணையத்தில் இலவசம். வாரந்தோறும் காணொளியில் நோயாளி விவரத்தை வைத்து விவாதிக்கும் கூட்டங்களும் நடக்கின்றன. நியூ மெக்சிகோவில் 2003இல் சஞ்சீவ் அரோரா கல்லீரல் நோய்க்காகத் தொடங்கிய முறை அது. உங்கள் மருத்துவர் அதில் உட்காரும்போது நீங்களும் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். பாதி புரியாது, பரவாயில்லை.

---

தேரிக்காட்டுச் செவிலி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கலப்பது இங்கே நாங்கள்தான், மின்விசிறி இருக்கும் அறையில்தான். நாளைக்கே அதைக் கேட்கிறேன். துப்புரவு அக்காவுக்கு 48 மணி நேரக் கணக்கு தெரியாது, எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

ஒரு சந்தேகம் மட்டும். டிப்ளமோவுக்கு ஓராண்டு போய் வந்த பிறகு என்னை மறுபடி மகப்பேறு வார்டுக்கே மாற்றிவிட்டால்? எங்கள் பக்கம் அப்படி நடக்கிறது.

---

பழைய வார்டு எழுதியது:

நடக்கும். உத்தரவாதம் யாரும் தர மாட்டார்கள். அதனால்தான் நேரில் போய் நிற்பதை முதலில் சொன்னேன், டிப்ளமோ பிறகுதான், பாடம் எடுப்பவள் கோபித்துக்கொண்டாலும் சரி. உங்கள் மகள் பத்தாவது முடிக்கட்டும். அதற்குள் நேரடிப் பயிற்சியும் தணிப்புச் சிகிச்சைப் படிப்பும் முடிந்திருக்கும், மையமும் ஒரு நிலைக்கு வந்திருக்கும், உங்களை அங்கிருந்து எடுத்தால் வார்டு நின்றுபோகும் என்று கண்காணிப்பாளருக்கே தெரிந்திருக்கும். அப்போது டிப்ளமோவுக்கு விண்ணப்பித்தால் உங்களுக்காகப் பேச ஆள் இருப்பார்.

கண்காணிப்பாளருக்கு எழுதும் கடிதத்தில் "புற்றுநோய்ப் பயிற்சி" என்று பொதுவாக எழுதாதீர்கள், ஃபைலில் தூங்கிவிடும். கீமோ மருந்து கலத்தல், நரம்புக்கு வெளியே மருந்து கசிந்தால் செய்ய வேண்டியது, ஒவ்வாமையைக் கையாளுதல் என்று மூன்றையும் பெயர் சொல்லி, இவற்றில் பயிற்சி பெறாமல் இந்த வார்டை நடத்துகிறோம் என்பதையும் எழுதி, தேதி போட்டு, ஒரு நகலில் பெற்றதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உங்களோடு இருக்கும் சிஸ்டரையும் கையெழுத்துப் போட வையுங்கள். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் போக முடியாது, யார் முதலில் என்பதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள். அவரை முதலில் அனுப்பினால் நல்லது என்பேன்.